கடல்மட்டத்திலிருந்து லடாக்குக்கு: புதுச்சேரிப் பயண நிறுவனம் ஒன்றின் திட்டம் பற்றிய மதிப்பீடு

கோடை நெருங்கும்போதே புதுச்சேரியின் நேரு வீதியிலும் காமராஜ் சாலையிலும் உள்ள பயண நிறுவனங்களின் வாசல்களில் பனிமலைப் படம் போட்ட பதாகைகள் வந்துவிடுகின்றன. மணாலி, காஷ்மீர், சிக்கிம் என்று வரிசை நீண்டாலும், சில ஆண்டுகளாக எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் நிற்பது லடாக்தான். அத்தகைய நிறுவனம் ஒன்றின் வழியாக எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையினரும் சேர்ந்து கடந்த ஜூலை இறுதியில் அங்கே சென்று வந்தோம். அந்த நிறுவனம் வகுத்துத் தந்த திட்டத்தையும் அதை நடத்திக்கொடுத்த விதத்தையும் பற்றியது இந்த மதிப்பீடு. பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறத்தாழ இதே திட்டத்தை, சில வேளைகளில் இதே படங்களோடு, கடலூரிலும் விழுப்புரத்திலும் வேறு பெயர்களில் விற்கிறார்கள். எனவே எந்தக் கடை என்பதைவிட, மேசையின் மேல் வைக்கப்படும் அந்த அச்சுத்தாளில் எதைப் பார்க்க வேண்டும் என்பதே வாசிப்பவருக்கு உதவும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரத்தைக் கையாண்ட விதத்தில் இந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ முழு மதிப்பெண் கொடுக்கலாம். பண்பாட்டுச் சுற்றுலா என்று விளம்பரம் செய்துவிட்டு மடாலயங்களைக் கையாண்ட விதத்துக்குப் பாதி மதிப்பெண் கொடுப்பதே அதிகம்.

உயரம் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடாத ஒரு செய்தி. புதுச்சேரி, கடலூர்ப் பகுதியில் வாழ்பவர் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் ஏறிய மிக உயர்ந்த இடம் பெரும்பாலும் கொடைக்கானலாகவோ ஊட்டியாகவோ இருக்கும். அவை 2,100 முதல் 2,250 மீட்டர் வரையிலான உயரத்தில் உள்ளவை. லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டரில் இருக்கிறது. டில்லியில் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே இறக்கிவிடுகிறார்கள். அங்குள்ள காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கர்துங் லா கணவாய்க்கு, அதாவது 5,359 மீட்டருக்குப் போனால், அது பாதியளவுக்கு வந்துவிடும். மூச்சின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளவும் இரத்தத்தின் தன்மையைச் சரிசெய்துகொள்ளவும் உடலுக்குச் சில நாட்கள் தேவைப்படுகின்றன. அந்த அவகாசத்தைத் தராமல் மேலே மேலே ஏற்றிக்கொண்டு போகும் திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதை வாங்கக் கூடாது.

இந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் எங்களுக்கு விளக்கம் சொன்ன பெண் அலுவலர், விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு பெரியவர்களின் வயதையும் அவர்கள் சாப்பிடும் மருந்துகளையும் கேட்டார். அப்பாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு என்றதும், மருத்துவரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் முன்பணம் வாங்க மாட்டோம் என்று கறாராகச் சொன்னார். பிறகு அச்சுத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொரு இரவுக்கும் நேரே ஓர் எண்ணை எழுதினார்: லே 3,500, மறுநாளும் 3,500, நுப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டர் 3,100, பாங்காங் ஏரிக்கரை 4,250, மீண்டும் லே 3,500. "பகல்ல எவ்வளவு உயரம் ஏறி எறங்குறோம்ங்கறது ரெண்டாவதும்மா. ராத்திரி எங்க தலைய சாய்க்கிறோம்ங்கறதுதான் கணக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். மலைப் பயண மருத்துவமும் இதையேதான் சொல்கிறது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதும், இடையிடையே ஏறாமல் ஓய்வெடுக்கும் நாள் இருக்க வேண்டும் என்பதும் பரவலாக ஏற்கப்பட்ட வழிமுறைகள். விமானத்தில் நேராக லே போய் இறங்குவதே இந்த வழிமுறையை மீறிய செயல்தான். அதனால்தான் முதல் இரண்டு நாட்களை வெறும் ஓய்வுக்கு ஒதுக்குவதைச் சோம்பேறித்தனமான திட்டம் என்று நினைத்துவிடக் கூடாது.

நாங்கள் விசாரித்த வேறொரு நிறுவனத்தின் தாளில், லே போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலேயே கர்துங் லா என்று போட்டிருந்தார்கள். ஒரு நாள் குறைவதால் விலையும் குறைவு. அந்தத் தாளில் இரவுத் தங்கலின் உயரம் எங்குமே குறிப்பிடப்படவில்லை. நட்சத்திர விடுதியின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது.

எங்கள் திட்டத்தின் அருமை முதல் இரவிலேயே தெரிந்தது. அத்தைக்குத் தலைவலியும் குமட்டலும் தொடங்கி, இரவு உணவைத் தொடவே முடியவில்லை. தொலைபேசியில் சொன்ன சிறிது நேரத்தில் நிறுவனத்தின் லே பிரதிநிதி, ஒரு லடாக்கி இளைஞர், அறைக்கு வந்துவிட்டார். எல்லோருடைய விரலிலும், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை மாட்டி, அளவைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். எங்களில் பெரும்பாலோருக்கு 88, 90 விழுக்காடு என்று காட்டியதைப் பார்த்து நான் பதறியபோது, வந்து இறங்கிய நாளில் அந்த உயரத்தில் அது இயல்புதான் என்று விளக்கினார். அத்தையின் அளவு அதைவிடக் குறைவாக இருந்ததோடு அவருக்குச் சோர்வும் மிகுந்திருந்ததால், காத்திருக்க வேண்டாம் என்று முடிவுசெய்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஆக்சிஜன் வைக்க ஏற்பாடு செய்தார். சுற்றுலாப் பருவத்தில் அந்த மருத்துவமனைக்கு இது அன்றாட வேலை. மறுநாள் நண்பகலில் அத்தை விடுதித் தோட்டத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இதே நிலையில் ஒருவரை மறுநாள் காலை 5,000 மீட்டருக்கு மேல் ஏற்றியிருந்தால், நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோக்கும் ஆபத்தான கட்டத்துக்கு அது போயிருக்கக்கூடும். கிளம்புவதற்கு முன்பு, உயரத்தால் வரும் நோயைத் தடுக்கக் கொடுக்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றிக் கேட்டபோது, நிறுவனத்தார் தாங்களாக எதையும் பரிந்துரைக்காமல், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டிய மருந்து என்று மட்டும் எச்சரித்து எங்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அதையும் பாராட்டிச் சொல்ல வேண்டும். பயணிகளின் கையில் மாத்திரை அட்டையைத் திணிக்கும் முகவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்துக் குறிப்பிட வேண்டியது அனுமதிச் சீட்டு. இந்தச் சிக்கல் வேறெந்த ஊரையும்விடப் புதுச்சேரிக்காரர்களுக்கே அதிகம் வரக்கூடியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்கள் மாமாவும் அத்தகைய குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் பேசுவது தமிழ், பிறந்து வளர்ந்தது முத்தியால்பேட்டை, கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படும் ஓசிஐ அட்டையும். லே நகரத்தைச் சுற்றிப் பார்க்க அவருக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் நுப்ரா, பாங்காங் போன்ற எல்லையோரப் பகுதிகளுக்கு வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியைப் பதிவு பெற்ற பயண முகவர் மூலமாகத்தான் பெற முடியும். எங்கள் நிறுவனம் விவரப் படிவத்தில் குடியுரிமை என்ற கட்டத்தைப் பார்த்தவுடனேயே மாமாவின் கடவுச்சீட்டுப் பக்கங்களையும் அட்டையின் நகலையும் தனியே வாங்கிக்கொண்டது. நாங்கள் லே சேர்வதற்குள் அனுமதி தயாராக இருந்தது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு நகலைக் கொடுக்க வேண்டியிருப்பதால், ஒரு கட்டாக நகல் எடுத்து வண்டியின் முன்னறையில் வைத்திருந்தார்கள். எல்லையோரப் பகுதிகளுக்குள் செல்வதற்கான உள்கோட்டு அனுமதி இந்தியக் குடிமக்களுக்குத் தேவையில்லை என்று 2021இல் அறிவிக்கப்பட்டுவிட்டாலும், சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்திய ரசீதும் அடையாள அட்டையும் நமக்கும் வேண்டும். ஒரே குறை, மாமாவின் அனுமதிக்கான கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே சொல்லாமல் லேயில் வைத்து வசூலித்ததுதான். தொகை பெரிதில்லை, முறை சரியில்லை.

போக்குவரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை விமான நிலையத்துக்கு வண்டி நேரத்தில் வந்தது. டில்லியில் ஓர் இரவு தங்கவைத்து, விடியற்காலை விமானத்தில் லேக்கு அனுப்பினார்கள். பிற்பகலில் அங்கே காற்று பலமாகிவிடுவதால் லே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயங்குகின்றன. திரும்பும்போதும் டில்லியில் ஓர் இரவை இடைவெளியாக விட்டிருந்தது வீண்செலவு என்று முதலில் எங்கள் வீட்டில் முணுமுணுத்தார்கள். 2024 ஜூலை இறுதியில், வெயிலின் கடுமையால் காற்று லேசாகி, லே விமான நிலையத்தில் விமானங்கள் அடுத்தடுத்த நாட்களில் ரத்தான செய்தியை அலுவலர் நினைவூட்டிய பிறகு முணுமுணுப்பு அடங்கியது. வாடகை வண்டிகளுக்கு அங்கே சங்கம் நிர்ணயித்த கட்டணம்தான், வெளியூர் வாடகை வண்டிகளில் சுற்றிப் பார்க்கவும் முடியாது. ஆகவே வண்டிச் செலவில் பெரிய தள்ளுபடி தருவதாக எந்த முகவராவது சொன்னால், வேறெங்கோ அதைக் கூட்டி வாங்கப் போகிறார் என்று பொருள்.

இனி மடாலயங்கள். என் மனக்குறை முழுவதும் இங்கேதான்.

விளம்பரத் தாளின் முகப்பில், முகமூடி அணிந்த துறவிகள் பட்டாடை சுழல ஆடும் ஹெமிஸ் திருவிழாவின் படம் கால் பக்கத்துக்கு அச்சிடப்பட்டிருந்தது. திபெத்துக்குப் பௌத்தத்தைக் கொண்டுசென்ற குருவாகப் போற்றப்படும் பத்மசம்பவரின் பிறந்தநாளையொட்டி நடக்கும் அந்த விழா, திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பத்தாம் நாளில் தொடங்கி இரண்டு நாட்கள் நடைபெறுகிறது. நம் கணக்கில் அது சில ஆண்டுகள் ஜூனிலும் சில ஆண்டுகள் ஜூலையிலும் வரும். நிறுவனம் வைத்திருந்த பயணத் தேதிகளில் ஒன்றுகூட அதை ஒட்டி அமையவில்லை. கேட்டபோது, படம் ஒரு மாதிரிக்குத்தான் என்றார்கள். தைப்பூசப் படத்தைப் போட்டு ஆனி மாதத்தில் பழனிக்கு அழைத்துப் போனால் நாம் ஏற்றுக்கொள்வோமா? லடாக்கின் மடாலயத் திருவிழாக்களில் பல, பயணிகள் யாரும் வராத குளிர்காலத்தில் நடப்பவை. கோடையில் வருகிற ஹெமிஸ் விழாவைத் தவறவிட்டால் வேறு வழியே இல்லை என்பதும் இல்லை. லேக்கு மேற்கே மிக அருகில் உள்ள ஃபியாங் மடாலயத்தில் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் ஒரு விழா நடக்கிறது. திட்டம் தீட்டுபவர் அந்த ஆண்டின் தேதிகளைப் பார்த்து ஒரு நாளை முன்பின் நகர்த்தினால் போதும். அந்தச் சிறு உழைப்பை இவர்கள் செய்யவில்லை.

அதைவிட மோசம், மடாலயங்களை அடுக்கிய விதம். சிந்து நதிக்கரையில் உள்ள ஷே, திக்சே, ஹெமிஸ் ஆகிய மூன்றையும், லே அரண்மனையையும், சாந்தி ஸ்தூபியையும் ஒரே நாளில் முடித்துவிடும்படி தாளில் போட்டிருந்தார்கள். விளைவு, ஒவ்வோர் இடத்திலும் முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அதில் பாதி, அந்தக் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறுவதிலேயே போய்விடும். திக்சே மடாலயம் குன்றின் சரிவு முழுவதும் பன்னிரண்டு அடுக்குகளாகக் கட்டப்பட்டது. அதில் இரண்டு தளங்களின் உயரத்துக்கு உயர்ந்து அமர்ந்திருக்கும், வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் சிலை ஏறத்தாழ 15 மீட்டர். மேல்தளத்தில் நுழைந்தால் புத்தரின் முகத்துக்கு நேரெதிரே நிற்போம். மார்பும் மடியும் கீழ்த்தளத்தில் மறைந்திருக்கும். அந்த முகத்தின் கண்ணிமையில் தீட்டிய நீலக் கோட்டை நின்று பார்க்கத் தொடங்கியபோதே ஓட்டுநரிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தது நண்பகலில். வெளியூர்ப் பயணிகளின் கூட்டத்தைத் தவிர அப்போது அங்கே வேறு எதுவும் நடக்கவில்லை.

அந்த மடாலயத்தின் உயிர் விடியற்காலை வழிபாட்டில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னவர் நிறுவனத்தார் அல்லர், விடுதியில் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த சமையல்காரர். எனவே வேறொரு நாள் காலை, ஓட்டுநருக்குத் தனியே பணம் கொடுத்து இருள் பிரிவதற்குள் மீண்டும் போனோம். மொட்டை மாடியில் இரண்டு துறவிகள் எக்காளம் ஊதி வழிபாட்டுக்கு அழைப்பு விடுத்தார்கள். கூடத்தில் தாழ்வான பலகை மேசைகளின் பின்னே துறவிகள் இரண்டிரண்டு வரிசைகளாக எதிரெதிரே அமர்ந்து ஓதினார்கள். ஓதுதல் நிற்கும் இடங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் பெரிய கெண்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, ஒவ்வொருவரின் கிண்ணத்திலும் உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை ஊற்றினார்கள். பெரியவர்கள் வறுத்த பார்லி மாவை அதில் போட்டு, கிண்ணத்துக்குள்ளேயே விரலால் பிசைந்து உருட்டிச் சாப்பிட்டுவிட்டு, எதுவும் நடவாதது போல அடுத்த பத்தியை ஓதத் தொடங்கினார்கள். சுவரோரம் உட்கார்ந்திருந்த எங்களுக்கும் கிண்ணம் வந்தது. அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "கஞ்சின்னு நெனச்சுக் குடிச்சா நல்லாத்தான் இருக்கு" என்றார். இந்த ஒரு காலைப் பொழுதைத் திட்டத்துக்குள் கொண்டுவர நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு ஆகாது. புறப்படும் நேரத்தைத் தாளில் மாற்றிப் போட்டால் போதும்.

ஆல்ச்சி இதற்கு நேர்மாறான இன்னொரு வேதனை. லேயிலிருந்து மேற்கே 65 கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தொலைவில், சிந்துக்கரையில் ஆப்ரிகாட் பழத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. மற்ற மடாலயங்களைப் போலக் குன்றின் மேல் இல்லாமல் சமதரையில் இருப்பதால் முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கும் ஏற்றது. 11ஆம் நூற்றாண்டுக்கும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கும் இடையே கட்டப்பட்டவை என்று கருதப்படும் அங்குள்ள கோயில்களில், காஷ்மீரக் கலைஞர்களின் பாணியில் அமைந்த ஓவியங்கள் உள்ளன. காஷ்மீரில் அக்காலத்துச் சுவரோவியங்கள் அழிந்துவிட்டதால், அந்த மரபைப் பார்க்க விரும்புபவர் இங்கேதான் வர வேண்டும். மூன்றடுக்குக் கோயிலான சும்செக்கின் உள்ளே மூன்று மாடங்களில் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ ஆகிய போதிசத்துவர்களின் (புத்தராகும் வழியில் உள்ள அருளாளர்கள்) பிரம்மாண்டமான சுதைச் சிலைகள் நிற்கின்றன. அவர்கள் இடுப்பில் உடுத்தியிருக்கும் வேட்டிகளைத்தான் நின்று பார்க்க வேண்டும். ஒருவரின் வேட்டி முழுவதும் கோயில்களும் அரண்மனைகளும், நடுவில் நிற்பவரின் வேட்டியில் வட்டம் வட்டமாகப் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள், மூன்றாமவரின் வேட்டியில் எண்பத்து நான்கு சித்தர்கள். சித்தர் மரபைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு அந்தக் கட்டங்களில் ஒவ்வொன்றாகக் கண் தங்கிவிடும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, விளக்கும் இல்லை. கையில் சிறு டார்ச் இருந்தால்தான் நிறங்கள் தெரியும். இதை யாரும் எங்களிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. விளக்கிச் சொல்ல வழிகாட்டியும் இல்லை. அன்று காலையில், வண்டி தானாக மேடேறுவது போலத் தோன்றும் காந்தக் குன்று என்ற சாலை வேடிக்கைக்கும், ஜான்ஸ்கார் நதி சிந்துவோடு கலக்கும் நிம்மு சங்கமத்தில் படம் எடுப்பதற்கும் தாராளமாக நேரம் கொடுத்துவிட்டு, இங்கே மட்டும் அரைமணி நேரம் என்றார் ஓட்டுநர். சங்கமத்தின் இருநிற நீர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்து நிமிடம் போதும்.

நுப்ரா பள்ளத்தாக்குப் பகுதி நன்றாக அமைந்தது. கர்துங் லாவில் வண்டியை விட்டு இறங்கிச் சிறிது நேரம் நின்றுவிட்டு உடனே கீழே இறங்கிவிட வேண்டும் என்று பிரதிநிதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அங்கே தேநீர்க் கடையில் உட்கார்ந்து கதை பேசுவதற்கு அவர் அனுமதிக்கவில்லை. திஸ்கித் மடாலயத்தின் கீழே ஷியோக் நதியைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் 32 மீட்டர் மைத்ரேயர் சிலையும், ஹுண்டர் மணல்மேடுகளும், நடு ஆசியாவின் யார்க்கண்டுக்குச் சென்ற பழைய வணிகப் பாதையின் எச்சமாக அங்கே தங்கிவிட்ட இரட்டைத் திமில் ஒட்டகங்களும் பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தன. ஒட்டகச் சவாரிக்கான கட்டணம் திட்டத்தில் சேராது. உயரம் குறைவதால் எல்லோருக்கும் நல்ல தூக்கமும் வந்தது.

அங்கிருந்து ஷியோக் ஆற்றங்கரைச் சாலை வழியாகப் பாங்காங் ஏரிக்கு அழைத்துச் சென்றார்கள். லேக்குத் திரும்பிச் சாங் லா கணவாய் வழியாகச் சுற்றிப் போவதைவிட இது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் கோடையில் பனி உருகி ஓடும் நீர் பிற்பகலில் சாலையின் குறுக்கே பெருகக்கூடும் என்பதால் அதிகாலையில் கிளம்ப வேண்டும், கிளம்பினோம். 134 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியின் மூன்றில் ஒரு பங்கு அளவே இந்தியப் பக்கம் உள்ளது. மேகம் நகர நகர நீலம், பச்சை, சாம்பல் என்று அது மாறிக்கொண்டே இருப்பதைப் பற்றி ஏற்கெனவே போதிய அளவு எழுதப்பட்டுவிட்டது. என் கேள்வி, அறுபது வயதைக் கடந்தவர்களை அங்கே கூடாரத்தில் இரவு தங்கவைக்கத்தான் வேண்டுமா என்பது. 3,100 மீட்டரில் தூங்கியவர்களை மறுநாள் இரவே 4,250 மீட்டரில் தூங்கவைப்பது, அலுவலர் பென்சிலால் எழுதிக் காட்டிய கணக்குக்கே ஒத்துவரவில்லை. முன்னதாக லேயில் கழித்த நாட்களால் உடல் ஓரளவு பழகியிருந்தது என்பதே இதற்குச் சொல்லக்கூடிய ஒரே சமாதானம். அங்கே ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரம் மட்டுமே ஓடியது. காற்று கூடாரத் துணியை விடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தது. மாமா உட்காரவும் படுக்கவும் முடியாமல் இரவைக் கழித்தார். வண்டியில் ஆக்சிஜன் உருளை இருந்தது, பயன்படுத்தும் தேவை வரவில்லை.

அந்த ஓர் இரவை நுப்ராவிலேயே நீட்டித்து, துர்துக் கிராமத்துக்கு அழைத்துச் சென்றிருந்தால் பண்பாட்டுச் சுற்றுலா என்ற சொல்லுக்குப் பொருள் இருந்திருக்கும். 1971 போரில் இந்தியாவின் வசம் வந்து, 2010இல்தான் பயணிகளுக்குத் திறக்கப்பட்ட, பல்தி மொழி பேசும் முஸ்லிம் மக்களின் ஊர் அது. பௌத்தத்திலிருந்து சில மணி நேரப் பயணத்தில் வேறொரு மொழிக்கும் மதத்துக்கும் சமையலுக்கும் போய்விடலாம். நாங்கள் அதைக் கேட்டபோது, பாங்காங் இல்லாத லடாக் திட்டம் விலைபோகாது என்று நிறுவனத்தார் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். வியாபாரக் கோணத்தில் அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

உணவைப் பற்றி ஒரு சொல். தினமும் தென்னிந்திய உணவு என்று தாளில் வாக்களித்திருந்தார்கள். 3,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கரில் வைக்காத பருப்பு எத்தனை நேரம் அடுப்பில் இருந்தாலும் மசியாது. அதன் விளைவாகக் கிடைத்த சாம்பாரைப் பற்றி எழுதாமல் விடுவதே அந்தச் சமையல்காரருக்குச் செய்யும் மரியாதை. அதே விடுதியில், கோதுமை மாவைச் சிறு சிறு வில்லைகளாக்கிக் காய்கறியோடு வேகவைக்கும் ஸ்க்யூவையும், தடித்த கம்பீர் ரொட்டியையும், ஆப்ரிகாட் ஜாமையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகு அம்மாவே சாம்பாரை விசாரிப்பதை நிறுத்திவிட்டார். உள்ளூர் உணவை ஒரு வேளைகூடத் திட்டத்தில் சேர்க்காதது, நம்மவர்கள் எங்கே போனாலும் இட்லிதான் கேட்பார்கள் என்ற பழைய எண்ணத்தால்தான்.

வறட்சியைப் பற்றிய எச்சரிக்கையும் போதவில்லை. லே நகரத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 10 சென்டிமீட்டர்தான். 2024இல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இந்த ஈரக்காற்றில் பழகிய உதடும் மூக்கும் அங்கே இரண்டாம் நாளே வெடித்துவிடுகின்றன. வாசலின், வெயில் தடுப்புக் களிம்பு, ஆளுக்கொரு பெரிய தண்ணீர்க் குப்பி ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருக்கலாம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் இணைப்பு வேண்டும் என்ற செய்தியை மட்டும் மறக்காமல் அனுப்பியிருந்தார்கள். அது பயன்பட்டது.

பணத்தைப் பொறுத்தவரை, சொன்ன தொகையில் விடுதி, காலை, இரவு உணவு, லேயில் வண்டி, மாமாவுடையது நீங்கலாக அனுமதிகள் ஆகியவை அடக்கம். விமானக் கட்டணம், மதிய உணவு, மடாலய நுழைவுச் சீட்டுகள், திட்டத்தில் இல்லாத இடத்துக்கு வண்டி ஆகியவை தனி. ஜிஎஸ்டியுடன் ரசீது கொடுத்தார்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. கேட்காதவர்களுக்கு அவர்களாகவே அதைத் தருவதாகத் தெரியவில்லை.

வயதானவர்களோடு முதன்முறையாக அவ்வளவு உயரத்துக்குப் போகும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்த நிறுவனத்தைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால் அச்சிட்ட திட்டத்தை அப்படியே வாங்க வேண்டாம். முன்பணம் கட்டும் முன்பே, திக்சேக்கு விடியற்காலைப் பயணம், ஆல்ச்சியில் குறைந்தது இரண்டு மணி நேரம், பெரியவர்கள் இருந்தால் பாங்காங்குக்குப் பதிலாக நுப்ராவில் இன்னோர் இரவு ஆகியவற்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் திரும்பி வந்து இவற்றையெல்லாம் விரிவாக எழுதிக் கொடுத்ததும், அதே பெண் அலுவலர் ஆல்ச்சியில் ஓர் இரவு தங்கும்படி மாற்றுத் திட்டம் ஒன்றைத் தயாரித்துக் காட்டினார். லே விடுதியைவிட அங்குள்ள இல்ல விடுதிகளின் வாடகை குறைவு என்பதால் மொத்தத் தொகை கூடவில்லை. ஹெமிஸ் விழாவை ஒட்டிப் போக விரும்புபவர்கள் அந்த ஆண்டின் தேதியை முதலில் உறுதிசெய்துகொண்டு, பொங்கல் முடிந்த கையோடு விமானச் சீட்டை எடுத்துவிடுவது நல்லது. திருவிழாக் காலத்தில் லேயில் அறை கிடைப்பது அரிது.